எட்டுப்பேர் கிணறு

அழித்துவிட்டாள்.

'துரைப்பண்ணைக் கிணறு' என்று இருந்த இடம் திரையில் வெள்ளையாகக் கிடந்தது. பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது.

அந்த இடத்தில் 'எட்டுப்பேர் கிணறு' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். நாற்று நட்ட விரல். எழுத்துக்கு நேற்றுத்தான் வந்த மாதிரி.

மாதாமாதம் கயிறு விட்டுத் தண்ணீர் மட்டம் அளந்தவள் அவள். அந்த அளவுகளையெல்லாம் ஓர் ஆராய்ச்சி இணையதளத்தில் ஏற்ற, ஆய்வு மாணவி நிலோஃபர் மடிக்கணினியோடு வந்திருந்தாள்.

கிணறு இப்போது எட்டுப் பெண்களுக்குச் சொந்தம். பண்ணையிடமிருந்து சேர்ந்து வாங்கியது.

"இப்பத் தேடிப் பாருக்கா," என்றாள் நிலோஃபர். "நீ அளந்தவ இல்லன்னு வச்சுக்க. நாளைக்கு விசாரிக்க வர்ற ஆபீசர்னு நெனச்சுக்க."

பக்கத்து நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட ஒரு தண்ணீர்க் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் வருடத்துக்கு வருடம் இறங்குகிறது என்பதற்கு அவள் அளந்ததைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆபீசரிடம் பழைய வரைபடம்தான் இருக்கும். அதில் என்ன பெயரோ, அதைத்தான் தேடுவார்.

அந்தப் பழைய பெயரைத் தட்டினாள்.

எதுவும் கிடைக்கவில்லை என்றது.

திரும்பத் தட்டினாள்.

கிடைக்கவில்லை.

அத்தனை வருட அளவும் உள்ளேதான் கிடந்தது. கயிறு அறுந்து விழுந்த வாளி மாதிரி.

"அந்தத் தொரை பேரு இல்லாம நம்ம தண்ணி வெளிய வராதா?"

நிலோஃபர் திரையில் கீழே இன்னொரு கட்டத்தைக் காட்டினாள். 'வேறு பெயர்கள்.' காலியாக இருந்தது.

அவள் பக்கத்திலிருந்த செம்பை எடுத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

சின்ன வயதில் அந்தக் கிணற்றில் அவள் இறைத்ததில்லை. மேலேயிருந்து யாராவது ஊற்றுவார்கள். கீழே கையைக் குவித்து நிற்க வேண்டும்.

தட்டினாள். காலிக் கட்டத்தில் துரைப்பண்ணைக் கிணறு. ஓர் எழுத்தும் விடவில்லை.

"கிணத்துத் தண்ணின்னும் போடு. நீர்மட்டம்னு மட்டும் போட்டா எங்க ஆளுக எங்க தேடப்போறாக?"

நிலோஃபர் சிரித்துக்கொண்டே தேடுசொற்களில் அதையும் போட்டாள். ஊர்ப் பெயரும் போட்டாள்.

அவள் மறுபடி பழைய பெயரைத் தேடினாள்.

வந்தது. அத்தனை வருடமும் வரிசையாக வந்தது.

மேலே தடித்த எழுத்தில், எட்டுப்பேர் கிணறு.

அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கினால் தெரிகிற மாதிரி, துரைப்பண்ணைக் கிணறு.

"கீழ இருக்கிறதக் கொஞ்சம் பெருசாக்கவாக்கா?"

"வேணாம். அங்கனயே நிக்கட்டும்."