மூடியுள்ள கிண்ணம்

நான்கு படங்களுக்கும் மாலை போட்டுவிட்டுக் கும்பிட நிமிர்ந்தபோதுதான் சிஞோரா கத்தினார்.

"அவனுக்கு இல்லை!"

கிருசாந்தினி திடுக்கிட்டுப் போனாள். ஈஸ்டருக்குப் பிறகு இத்தாலியில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள்; வீட்டு அம்மாவை இங்கே சிஞோரா என்பார்கள். தொண்ணூறு கடந்த இந்தக் கொரியக் கிழவி சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை.

அன்று சிஞோராவின் இத்தாலியக் கணவர் சல்வத்தோரேயின் திவசம்.

மேசையில் அவருடைய படம், சிஞோராவின் அப்பா அம்மா படங்கள், ஊதுபத்தி, பழங்கள், பொரித்த மீன். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒரு கிண்ணம் சோறு. சோற்றின் நடுவே ஒரு கரண்டியை நட்டு வைக்க வேண்டும். செத்தவர்களுக்கு அப்படித்தான் என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி சிஞோரா சொல்லியிருந்தார்.

கிருசாந்தினிக்கு இதில் பெரிய புதினம் ஒன்றும் இல்லை. நம்முடைய படையல்தான், கரண்டி மட்டும் கூடுதல்.

மாலை அவளுடைய சொந்த யோசனை. பல்கனித் தொட்டியில் அலரி பூத்துத் தள்ளியிருந்தது. பறித்துக் கட்டினாள்.

நான்காவது படமும் அவள் யோசனைதான். மாணவத் தொப்பி போட்ட ஓர் இளைஞன், படுக்கையறைச் சுவரில் தனியாகத் தொங்கினான். அண்ணனாக இருக்கும், கிழவி மறந்துவிட்டார். மற்றவர்கள் எல்லாம் சாப்பிட அவன் மட்டும் பட்டினி கிடப்பானேன் என்று கழற்றி வந்து அப்பா அம்மா பக்கத்தில் வைத்தாள். சோறு வைத்தாள். கரண்டியையும் நட்டாள்.

கட்டும்போதே இன்னொரு மாலையும் கட்டியிருந்தாள். அது ஈரத்துணி சுற்றி அவளுடைய கைப்பையில் இருந்தது.

அது தர்சனுக்கு.

தர்சன் அவளுடைய கணவன். ஊரில் போர் முடிந்த அன்று சரணடைந்து, ஆமிக்காரர் காட்டிய பஸ்ஸில் ஏறினான். ஏறும்போது கையசைத்தான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவன் படத்துக்கு அவள் இன்றுவரை பொட்டு வைக்கவில்லை, மாலை போடவில்லை.

வருகிற சனிக்கிழமை அவளுக்கும் நகுலேஸ்வரனுக்கும் கலியாண எழுத்து, பதிவுத் திருமணம். மரணச் சான்றிதழ் எடுத்தாயிற்று. அது அரசாங்கத்துக்கு. மாலை ஊர் வாய்க்கு. படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு எழுத்துக்குப் போ என்று யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா நாள் தவறாமல் அழைத்துச் சொல்கிறார். இன்று பின்னேரம் போட்டுவிடுவதாக அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

நகுலேஸ்வரன் போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது வேறு அவளுக்கு எரிச்சல்.

சிஞோரா இளைஞனின் சோற்றிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். மாலையைத் தொட்டு, இது எதற்கு என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்குப் போடுவது என்றாள் கிருசாந்தினி.

கழற்று என்றார். கழற்றினாள்.

பிறகு சிஞோரா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். நாடு இரண்டாகக் கிடந்ததாம். வடக்கே கம்யூனிஸ்டுகள், தெற்கே அவர்களைக் கண்டால் ஆகாதவர்கள். வடக்குப் படை சியோலுக்குள் வந்தது. திரும்பிப் போகும்போது இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனது. குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அந்தப் போர் இன்னும் முடியவில்லை, நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். முடியாத போரில் அவன் செத்துவிட்டான் என்று நீ எப்படிச் சொல்வாய் என்று கேட்டார், கிருசாந்தினிதான் அந்தப் போரை நடத்தியவள் போல.

மத்தியானங்களில் ஒரு மூடியுள்ள கிண்ணத்தில் சோறு போட்டுக் கட்டிலில் போர்வைக்குள் வைக்கச் சொல்வார் சிஞோரா. வயதுபோன கிறுக்கு என்று அவள் நினைத்திருந்தாள். பசித்தால் அதை எடுத்துச் சாப்பிட்டும் இருக்கிறாள்.

அந்தச் சோறு இவனுக்காம். வீடு திரும்பாதவனின் சோறு ஆறக் கூடாதாம்.

அவளுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. உங்கள் அண்ணனா என்று கேட்டாள்.

"என் புருஷன்" என்றார் சிஞோரா.

கிருசாந்தினி சல்வத்தோரேயின் படத்தைப் பார்த்தாள். போர்க்காலத்தில் சியோலில் இருந்த இத்தாலிய மருத்துவமனையின் சாரதி. சிஞோராவைக் கட்டிக்கொண்டு இந்தப் பலேர்மோவுக்குக் கூட்டிவந்த மனிதர். இவருக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தாள்.

சிஞோராவே சொன்னார். மார்கழிக் குளிரில் சோறு ஆறிவிடும் என்று தன் கம்பளிச் சட்டையைச் சுற்றி அந்தக் கிண்ணத்தைப் போர்வைக்குள் வைத்து வந்ததே சல்வத்தோரேதானாம். சாகும்வரை.

கழற்றிய மாலையைக் கிருசாந்தினி சல்வத்தோரேக்குப் போட்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, ஈரத்துணியைப் பிரித்து, அந்த மாலையையும் அவருக்கே போட்டாள். மூன்று மாலைகளுக்குள் மனிதர் மூக்கு வரை மறைந்துபோனார்.

இளைஞனைக் கொண்டுபோய்ப் படுக்கையறைச் சுவரில் மாட்டினாள். அங்கே நின்றபடியே நகுலேஸ்வரனை அழைத்தாள். அவன் உணவகத்தில் வேலை முடிந்து கபோச் சந்தைக்குள்ளால் வரும் நேரம்.

"வரேக்கை மூடியுள்ள கிண்ணம் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. தர்சனுக்குச் சோறு வைக்க வேணும். எழுத்துக்குப் பிறகும் வைப்பன்."

மறுமுனையில் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது. மீன்காரன் ஒருவன் கூவினான். சனிக்கிழமை எழுத்து அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

"பெரிசா வாங்கவோ?" என்றான் நகுலேஸ்வரன். "அவர் நல்லாச் சாப்பிடுவாரோ?"