சின்ன மீன் திருடன்

கோரைக்குள் குப்புறப் படுத்திருந்த டெல்பர்ட் மூச்சைக்கூடப் பயந்து பயந்துதான் விட்டார். பக்கத்தில் வாளி. உள்ளே உள்ளங்கை அகல ப்ளூகில் மீன்கள் படபடவென்று துள்ளின. தொப்பியைக் கழற்றி வாளி மேல் கவிழ்த்து அமுக்கினார்.

எதிர்க்கரையில் ஹார்லனின் பிக்அப் வண்டி வந்து நின்றிருந்தது. ஹார்லன் இறங்கி, கையில் ஒரு தடியோடு குளத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். குளம் அவருடையது. மீனும் அவருடையது.

தெரியாமல் வந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. 'மீன் பிடிக்கக் கூடாது. மீறினால் ஷெரீஃப்' என்று சிவப்பு எழுத்தில் பலகையே தொங்குகிறது. ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் எல்லார் காதிலும் விழும்படி ஹார்லன் கத்தவும் செய்திருந்தார்.

"பெரிய மீனை எவன் தொட்டாலும் எனக்குத் தெரிஞ்சிரும். கூட்டைக் காக்கிற ஆம்பளை மீனுங்க அதுங்கதான். ஒண்ணு குறைஞ்சாலும் விட மாட்டேன், ஆமா!"

டெல்பர்ட் என்ன, விவரமில்லாத ஆளா? சின்னதாகப் பார்த்து எடுத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இன்றைக்குக்கூட அகலமாக ஒன்று மாட்டியது. நாக்கில் எச்சில் ஊறியது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றினார்.

"போ ராசா, போ. உன்னால எனக்கு வம்பு வேணாம்" என்று தண்ணீரில் விட்டுவிட்டார்.

ஷெரீஃபைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். பாஸ்டர் ரஸ்ஸல் காதுக்குப் போனால்தான் தொலைந்தது. டெல்பர்ட் அவருடைய சபையில் டீக்கன், பாஸ்டருக்குத் துணை நிற்கிற பொறுப்பாளர். ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டை ஏந்துகிற கை மீன் திருடும் கை என்று தெரிந்தால், தட்டையும் பிடுங்கிவிடுவார்கள், மானமும் கப்பலேறிவிடும். போன ஞாயிறு பிரசங்கமே திருட்டைப் பற்றித்தான். பாஸ்டரின் கண் தன் மேலேயே நின்றதுபோல் டெல்பர்ட்டுக்குப் பட்டது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சோள மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்தால், அடடா, ஹார்லன் குளத்து மீனுக்குத் தனி ருசி! பாஸ்டர் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு குளம் இருக்கத்தான் இருக்கிறது. 'யார் வேணும்னாலும் வந்து பிடிச்சுக்கோங்க' என்று அவர் சபையிலேயே சொல்லியாயிற்று. அங்கே ஒரு ஈ காக்கை போவதில்லை. கூப்பிட்டுக் கொடுக்கிற மீனில் என்ன ருசி இருக்கும், சொல்லுங்கள்!

காலடிச் சத்தம் கோரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"எவன்டா அது உள்ள? வெளிய வாடா!"

அவ்வளவுதான். டெல்பர்ட் ஒரு கையால் வாளியை அள்ளினார். மறு கையால் முகம் தெரியாமலிருக்கச் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். ஊருக்கே அடையாளம் தெரிந்த தொப்பை வெளியே வந்ததைப் பற்றி யோசிக்க நேரமில்லை. எடுத்தார் ஓட்டம்.

"நில்லுடா! இன்னொரு வாட்டி இங்க பார்த்தேன், தோலை உரிச்சிருவேன்!"

வேலிக் கம்பி அறுந்திருந்த இடம் வழியாக டெல்பர்ட் நுழைந்தார். போன வாரம் சட்டையைக் கிழித்த முள்புதரை யாரோ வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று முனகியபடி மக்காச்சோளத் தோட்டத்துக்குள் மறைந்தார்.

ஹார்லன் தடியைக் கீழே போட்டார். மிசௌரி வெயிலுக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார். உள்ளே உட்கார்ந்திருந்த மனைவி நோரீன் ஐஸ் டீயை நீட்டினாள்.

"ஏங்க, ரொம்பக் கத்திட்டீங்களோ? பயந்துக்கிட்டு இனிமே வராமப் போயிட்டார்னா?"

"கத்தலைன்னாத்தான்டி வர மாட்டான். போன வருஷம் நாமளா வருந்தி வருந்திக் கூப்பிட்டோமே, எட்டிப் பார்த்தானா?"

"வாளி நிறைஞ்சுதா?"

"வழியுது! எல்லாம் பொடிசுங்க. பெரிசு ஒண்ணு மாட்டுச்சு, அதை முத்தம் கொடுக்காத குறையாத் திரும்ப விட்டான். கொட்டாய் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"மீன் துறைக்காரர் சொன்னது அப்படியே நடக்குது பாருங்க."

"பின்ன? பொடிசு குறையக் குறைய மிச்சத்துக்கெல்லாம் வயிறு நிறைய இரை. அடுத்த வருஷம் ஒவ்வொண்ணும் தட்டு அகலம் இருக்கும். இந்த வெயில்ல நாம உட்கார்ந்து பிடிச்சிருந்தா இடுப்பு கழண்டிருக்கும்."

நோரீன் சிரித்தாள். உடனே அவள் முகம் மாறியது.

"பாவம்ங்க அந்த மனுஷன். இது பாஸ்டருக்குத் தெரிஞ்சா டீக்கன் வேலை போயிருமே! நாமல்ல அவரைத் திருடனாக்கிட்டோம்?"

ஹார்லனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பாஸ்டர் ரஸ்ஸல்.

"ஐயையோ" என்று நோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பீக்கரை அழுத்தினார். பாஸ்டரின் குரல் ரகசியமாக வந்தது.

"ஹார்லன், நானும் என் குளத்துல இன்னைக்குப் பலகை மாட்டிட்டேன்ப்பா. அடுத்த வெள்ளிக்கிழமை டெல்பர்ட்டை இந்தப் பக்கமா விரட்டி விடு!"