எட்டுக் கேள்விகள்

கதவைத் திறந்தாள். வாசலில் ஹீதர்.

நாலு வீடு தள்ளி இருப்பவள். லூக்கின் அம்மா. இரண்டு கைகளாலும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.



கடைசியாக இவர்கள் பேசிக்கொண்டது போனில். நாற்பது நாளாகிறது. லூக்கின் பிறந்தநாள் விருந்துக்குத் தன் மகன் முகிலை அனுப்புவதற்கு முன்னால் அவள்தான் ஹீதரைக் கூப்பிட்டாள். கையில் ஒரு பட்டியல் இருந்தது. இங்குள்ள தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு புண்ணியவதி போட்டுவைத்தது. வெள்ளைக்காரர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புமுன் கேட்க வேண்டியவை. மொத்தம் எட்டு.

பீட்சாவில் மாட்டுக்கறி இருக்குமா?

பன்றி?

மார்ஷ்மெல்லோ மிட்டாயில் மாட்டெலும்பு ஜெலட்டின்?

கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை என்று அவளாகவே விட்டுக்கொடுத்தாள்.

நாய் கடிக்குமா என்றுகூடக் கேட்டாள். ஹீதர் பொறுமைசாலி. மார்ஷ்மெல்லோ பாக்கெட்டை எடுத்துவந்து பின்பக்கத்துப் பொடி எழுத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தேங்க்ஸ் சொன்னாள்.

போனை வைத்ததும் தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போது தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

லூக்குக்கு அன்று ஒன்பது வயது. முகிலுக்கும் ஒன்பதுதான். மாடியில், அப்பாவின் கட்டில் பக்கத்து இழுப்பறையைத் திறந்து, லூக் தன் நண்பனுக்குத் துப்பாக்கியைக் காட்டினான். குண்டு போட்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

கீழே கேக்கில் மெழுகுவர்த்தி குத்திக்கொண்டிருந்தார்கள்.

முகிலை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. யார் மீதும் வழக்கு இல்லை. துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று இந்த மாநிலத்தில் சட்டம் கிடையாது. வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்த நாட்டு அரசியல் சாசனமே கொடுத்த அனுமதி.

"அது அவங்க உரிமையாம்" என்றான் அவள் கணவன்.

அந்த உரிமையைத் தந்த சாசனத் திருத்தத்தை அவன் தாளில் அச்செடுத்து வைத்திருந்தான். ஒரே வாக்கியம். இருநூறு வருஷத்துக்கும் மேல் பழையது. அதற்கு இன்றைக்கு என்ன பொருள் என்று நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்களாம். அவளும் அந்த வாக்கியத்தைப் படித்தாள். வீடு என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. இழுப்பறை இல்லை.

பிள்ளை இல்லை.

"அது எழுதின காலத்துத் துப்பாக்கில மருந்தக் கொட்டி, இடிச்சு, ஒரு குண்டு போடவே அரை நிமிஷம் ஆகுமாம்" என்றான் கணவன்.

அரை நிமிஷத்தில் முகில் மாடிப்படி முழுக்க இறங்கி, திரும்ப ஏறியும் விடுவான்.

அதை அவள் சொல்லவில்லை. அவனும் கணக்குப் போட்டிருப்பான். எழுந்து வெண்டைக்காய் நறுக்கப் போனான்.

வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைத் திருத்திவிட்டார்கள். புதிதாக ஒரு கேள்வி. அதை முதல் கேள்வியாகவே போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

வாசலில் நின்ற ஹீதர் தொண்டையைச் செருமினாள்.

"இதுல கறி எதுவும் போடல. எல்லாப் பாக்கெட்டையும் படிச்சுப் பார்த்துட்டேன். ஜெலட்டின்கூட இல்ல."

அவள் தலை வாரி எத்தனை நாளாயிற்றோ. கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. லூக் இப்போது பேசுவதே இல்லை என்று யாரோ சொன்னார்கள்.

கோபம் வந்தால் நன்றாக இருக்கும். கதவைப் பிடித்தபடி அதற்காகக் காத்துப் பார்த்தாள். வரவில்லை. அழுகை பதினாறாம் நாளோடு நின்றுவிட்டது. உள்ளே எதுவும் அசையவில்லை.

அன்று போனில் பேசிய அதே மரியாதைக் குரலில் கேட்டாள்.

"உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா?"

ஹீதர் பாத்திரத்தை மூடியிருந்த அலுமினியத் தாளின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"இன்னிக்குக் காலையிலதான் போலீஸ் திருப்பிக் கொடுத்தாங்க."

அவள் கையை நீட்டிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்" என்றாள்.