கொப்பரைப் பக்கம் நிற்பவர்

“இவங்களுக்கு மாசம் எவ்வளவு சம்பளம்?” என்று என்னைக் காட்டிக் கேட்டார் ஆடிட்டர்.

என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அண்ணிக்குப் போய் யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்றான் கொழுந்தன்.

ஆடிட்டர் சிரிக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் இந்த ஜாம் ஆலையை விற்கிறார்கள். வாங்கப்போகிறவர்கள் அனுப்பிய ஆள் இவர். சில நாட்களாக மூலை முடுக்கெல்லாம் குடைந்து, கணக்கில் தெரியாமல் பணம் எங்கெங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். நீராவிக் குழாயில் கசிவு. பாட்டிலுக்குக் கொஞ்சம் அதிகமாகவே விழும் ஜாம். பழம் வாங்கிய செலவுக்குள் ஒளிந்திருந்த கொழுந்தனின் கார் பெட்ரோல். அதற்கெல்லாம் இருவரும் அசடு வழியச் சிரித்துச் சமாளித்துவிட்டார்கள்.

இப்போது என்னிடம் வந்து நிற்கிறார்.

பழம் பொறுக்குவது, கொப்பரையில் ஜாம் கிண்டிப் பதம் பார்த்து இறக்குவது, பாட்டில் சரியாகக் கழுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாவற்றையும் இங்கே ஒருவரே செய்கிறார் என்றார். புதிதாக வருகிறவர்கள் அதற்கு மூன்று ஆட்களை வைக்க வேண்டுமாம். அவர்கள் சம்பளத்தைக் கழித்தால், இவர்கள் லாபம் என்று காட்டியதில் பாதி காணாமல் போய்விடும். விலையும் அதற்கேற்பக் குறையும்.

அண்ணன் தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம், மறைப்பானேன். கல்யாணமாகி வந்த மறுவாரமே கிண்டுகிற கரண்டியைக் கையில் கொடுத்தார்கள். எனக்கென்று கொஞ்சம் காசு கேட்டபோதெல்லாம், நம் ஆலையில் நமக்கே சம்பளமா என்று என் வீட்டுக்காரர் தத்துவம் பேசினார். பங்கு எழுதும்போது மட்டும் அண்ணன் தம்பி பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். போன வருடம் ஆலையின் ஆண்டு விழாவில் கொழுந்தன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணிதான் இந்த ஆலைக்கு முதுகெலும்பு என்று உருகி வழிந்தான். முதுகெலும்புக்குச் சம்பளம் கிடையாது போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர் இவ்வளவு குழைந்து பேசி நான் கேட்டதில்லை.

“வீட்ல பொழுது போகாம சும்மா வந்து போறேன்னு சொல்லிடும்மா. ஒரு வார்த்தைதான். இல்லேன்னா விலையில பெரிய துண்டு விழுந்துடும்.”

நான் ஒன்றும் செய்வதில்லை என்று இதுவரை அவர் கோபத்தில்தான் சொல்லியிருக்கிறார். இப்போது அதையே என்னைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்.

உள்ளே போனேன். நான் இங்கே ஒன்றும் செய்வதில்லை சார், எல்லாவற்றையும் இவர்கள் இரண்டு பேரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன்.

ஆடிட்டர் என் தலையில் இருந்த வலைத்தொப்பியைப் பார்த்தார். மேலாடையில் தெறித்துக் காய்ந்திருந்த ஜாமைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, அப்படியானால் கொப்பரைப் பக்கம் நிற்பவர் யார் என்று கேட்டார்.

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு அளந்துவிட்டார்கள். பழத்தை மோந்து பார்த்தே புளிப்பைச் சொல்லிவிடுவானாம் கொழுந்தன். தன் கை படாமல் பதமே வராது என்றார் என் வீட்டுக்காரர். கொப்பரைக்கு நீராவி எந்தத் திருகில் வருகிறது என்று கேட்டால் இரண்டு பேரும் வாட்ச்மேனைத்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சமும் வாய் கூசவில்லை.

ஆடிட்டர் பொறுமையாக எழுதிக்கொண்டார். அப்படியென்றால் புது ஆள் வைக்கும் செலவு கிடையாது, நீங்கள் கேட்ட விலையே சரி என்றார். இருவருக்கும் வாயெல்லாம் பல்.

ஒரே ஒரு நிபந்தனை என்றார். கொப்பரைப் பக்கம் நிற்பவர், ஆலை கைமாறிய பிறகும் இரண்டு வருடம் அங்கேயே நின்று வேலை செய்ய வேண்டும். அதுவரை ருசி மாறாமல் இருந்தால்தான் மீதிப் பாதிப் பணம் கைக்கு வரும். நாளைக் காலை ஆறு மணிக்கு வாங்குகிறவர்களே நேரில் வருகிறார்கள். அண்ணனும் தம்பியுமாக ஒரு கொப்பரை ஜாம் கிண்டிக் காட்டிவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

கொழுந்தன் தண்ணீர் கேட்டான். என் வீட்டுக்காரர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

இந்த நிபந்தனையை ஆடிட்டர் இன்று காலையிலேயே என்னிடம் வந்து சொல்லிவிட்டார். நிற்கச் சம்மதமா, சம்பளம் உங்கள் பெயருக்கே வரும் என்று கேட்டார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றிருந்தேன். வராந்தாவில் என்னை ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வலைத்தொப்பியைக் கழற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

“காலையில கிளம்பும்போது லைட்டைப் போட்டுடாதீங்க. நான் தூங்கணும்.”