திரும்ப வந்த பதினேழு

"போன வாரமும் பதினேழு, இந்த வாரமும் பதினேழா? யாரு காதுல பூ சுத்தறீங்க?"

லாட்டரிச் சீட்டு வாங்கித் தோற்றவர்களில் யாரோ ஒருவன் வெளியே ஷட்டரை எட்டி உதைத்தான். குலுக்கல் அறைக்குள் ஆபரேட்டர் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். போதாக்குறைக்கு, கடைவாய்ப்பல் பிடுங்கிய கன்னம் வேறு வீங்கிக் கிடந்தது. அந்தப் பாழாய்ப்போன பல்லுக்காகத்தான் நேற்று ஒரே ஒரு நாள் லீவு போட்டு, மனைவியின் தம்பியை இயந்திரத்தின் முன்னால் நிற்க வைத்தார்.

"நான் சொல்லிட்டுப் போனதைச் செஞ்சியாடா?" என்று கிசுகிசுத்தார்.

"பதற்றத்துல மறந்துட்டேன் மாமா." மச்சினன் அழுதுவிடுவான் போலிருந்தது. "என்னை உள்ள தள்ளிடுவாங்களா? அக்காகிட்ட என்ன சொல்றது?"

"வாயைத் திறக்காம நில்லு. எதுவானாலும் நான் பார்த்துக்கறேன்."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி, கண்ணாடி உருளையிலிருந்த ஐம்பது பந்துகளையும் கொட்டி, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். ஆபரேட்டர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேலை போனால் போகிறது. மோசடி வழக்கு என்று வந்துவிட்டால் இவன் கதி? இவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இவன் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது?

கடைசிப் பந்தையும் எடை பார்த்துவிட்டு அதிகாரி நிமிர்ந்தார்.

"எல்லாம் ஒரே எடை. மெஷின்லயும் கோளாறு இல்ல. தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப, அதே நம்பர் வந்தது...?" மச்சினன் இழுத்தான்.

"பந்துக்கு என்ன ஞாபகமா இருக்கு, போன வாரமே வந்துட்டோம்னு ஒதுங்கிக்க? வரத்தான் செய்யும்."

மச்சினனுக்கு முகமெல்லாம் பல். ஆபரேட்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எனக்குப் பயம் வேற விஷயத்துல," என்றார் அதிகாரி, ஆபரேட்டர் பக்கம் திரும்பி. "ஐம்பது பந்து, வாரா வாரம் குலுக்கல். சராசரியா வருஷத்துக்கு ஒரு தடவையாவது போன வார நம்பரே திரும்ப வரணும். பழைய முடிவெல்லாம் பார்த்தேன். நீங்க குலுக்கின பத்து வருஷத்துல ஒரு தடவைகூட வரலியே, அது எப்படி சார்?"

மாமாவுக்குப் பரிந்துகொண்டு மச்சினன் முந்தினான்.

"எப்படி வரும் மேடம்? ஜனங்க சந்தேகப்படக் கூடாதுன்னுதான் மாமா ஒவ்வொரு தடவையும் போன வாரப் பந்தை முன்கூட்டியே எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்குவாரே!"