சும்மா வந்த நிலம்

"சர்வே கல்லைப் பிடுங்கிப் போட்டா நிலம் உங்களுதாயிடுமாம்மா?"

நில விசாரணை அதிகாரி இப்படிக் கேட்டும் கொத்தனாரின் மனைவி தலை குனியவில்லை.

"அடுப்படி வாசல்ல கொண்டுவந்து கல்லை நட்டா யாருக்கு சார் பொறுக்கும்? பெத்த ஒண்ணையும் பறிகொடுத்தவ நான். எனக்குன்னு மிச்சம் அந்த வீடு ஒண்ணுதான்."

கொத்தனார் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊர்ப்பட்ட வீடுகளைக் கட்டிக் கொடுத்த மனுஷன், தனக்கென்று கட்டியது ஒன்றே ஒன்று. அது அரசாங்க நிலத்தில் நிற்கிறது என்று புது சர்வே சொல்லிவிட்டது.

அதிகாரி வரைபடத்தை அவர்கள் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு எழுதிக் கொடுத்த மில் முதலாளிக்கே இது சொந்தம் இல்லை. மில்லுக்குப் பின்னாடி கிடந்த அரசாங்க நிலத்தை வேலி போட்டு வளைச்சுக்கிட்டார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைச்ச கதை."

"அவர் பண்ணின தப்புக்கு நாங்க நடுத்தெருவுல நிக்கணுமா?"

"நிக்க வேண்டாம்னுதான் நானும் பார்க்கிறேன்." அதிகாரியின் குரல் இறங்கியது. "தெரியாம விலை கொடுத்து வாங்கினவங்களுக்கு நிலத்தை விட்டுக் கொடுக்க விதி இருக்கு. சும்மா வாங்கினவங்களுக்குக் கிடையாது. உங்க பத்திரத்துல தானம்னு போட்டிருக்கு. ஆனா அந்த முதலாளி எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளாச்சே! பதிலுக்கு என்ன கொடுத்தீங்க? காசோ, உழைப்போ, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அவரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு, உங்க பேருக்கே முடிச்சிடறேன்."

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவர் பங்களாவுல எத்தனை நாள் உழைச்சீங்க! அதையாவது சொல்லுங்களேன். வீடு போயிடும்ங்க!"

"அதுக்கெல்லாம் கூலி வாங்கிட்டேன்" என்றவர், அதிகாரியை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார். "ஒண்ணும் கொடுக்கலை சார். சும்மாதான் கொடுத்தார்."

அதிகாரி பெருமூச்சோடு பேனாவை எடுத்தார். வீட்டைக் காலி செய்யும் உத்தரவு எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டே அவள் விசும்பினாள்.

"இவரைக் குத்தம் சொல்லி என்ன சார் பண்றது? கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. இப்ப மட்டும் எங்கேருந்து வரும்?"

பிறந்த அன்றே இறந்துவிட்டது என்று அவளிடம் சொன்ன குழந்தையை, பிள்ளையில்லாத அந்த முதலாளியிடம் உயிரோடு கொடுத்துத்தான் நிலத்தை வாங்கினேன் என்று கொத்தனார் எந்த வாயால் சொல்வார்?