மூன்றாவது எச்சரிக்கை

"சார், கேமரா கறுப்பாவே இருக்கு. எனக்கு நேரம் ரொம்ப கம்மிங்க. என்ன பண்ணணும்னு சீக்கிரம் சொல்லுங்க!"

ஹெட்போனில் கேட்ட பெண் குரலின் படபடப்பு அன்பரசனையும் தொற்றிக்கொண்டது. வேங்கிக்காலில் ஒரு மாடியில் இயங்கும் ஆன்லைன் கல்லூரியின் உதவி மையத்தில் அவனுக்கு வேலை. மாணவர்களின் கம்ப்யூட்டர் தகராறுகளைச் சரிசெய்ய வேண்டும். தேர்வு நாளில், எழுதுபவர்களைக் கேமரா வழியாகக் கண்காணிக்கவும் வேண்டும்.

"பேரு, ஊரு?"

"கவிநிலா. கீழ்பென்னாத்தூர். பி.காம்., புள்ளியியல் பேப்பர்."

"மேல அட்ரஸ் வர்ற இடத்துல சின்னதா ஒரு பூட்டு மாதிரி இருக்கா? அதை அமுக்கி, கேமராவுக்கு அனுமதி குடுங்க."

திரையில் அவள் முகம் தெரிந்தது. இருபத்தைந்து வயதிருக்கும். நெற்றியெல்லாம் வியர்வை.

"இப்ப லேப்டாப்பைத் தூக்கி ரூமைச் சுத்திக் காட்டுங்க."

வெள்ளைச் சுவர், இரும்புக் கட்டில், தொங்கும் ஒரு பச்சைத் துணித் திரை. ஏதோ லேடீஸ் ஹாஸ்டல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"கட்டிலுக்கு அடியில காட்டுங்க."

"அடியிலயா? என்னால குனிய முடியாதுங்க."

அன்பரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். போன மாதம் ஒருவன் இப்படித்தான் சாக்குச் சொன்னான். பாவம் என்று விட்டதில், கட்டிலுக்கு அடியில் அவனுடைய மச்சான் படுத்துக்கொண்டு விடை சொல்லியிருக்கிறான். அதற்காக அன்பரசனுக்கு மெமோ கிடைத்தது. இன்னொரு தடவை ஏமாந்தால் வேலை போய்விடும்.

"காட்டலைன்னா பேப்பர் திறக்காது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, லேப்டாப்பை முடிந்த மட்டும் கீழே இறக்கிக் காட்டினாள். ஒரு கட்டைப்பை மட்டும் இருந்தது.

பதினொரு மணிக்குக் கேள்வித்தாளைத் திறந்துவிட்டான்.

கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஒழுங்காகப் போனது. திடீரென்று அவள் கண்ணை மூடி, மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

"யார்கிட்ட பேசுறீங்க?"

பதில் வர அரை நிமிடம் ஆனது. "யார்கிட்டயும் இல்ல. நம்பர் எண்ணிட்டிருந்தேங்க."

"இது முதல் எச்சரிக்கை. மூணு ஆச்சுன்னா பேப்பரைப் பூட்டிடுவேன்."

அவள் தலையாட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த தாளில் ஏதோ குறித்தாள்.

"அந்தத் தாளைக் காட்டுங்க!"

காட்டினாள். 11:04, 11:12, 11:19 என்று வரிசையாக நேரம் எழுதியிருந்தது.

"ஒவ்வொரு கேள்விக்கும் எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்குறீங்களா?"

"ம்... அப்படித்தாங்க."

அப்போது பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "இன்னும் எவ்ளோ இருக்கும்மா?"

அன்பரசன் துள்ளினான். "யாரு அங்க?"

"துணைக்கு இருக்காங்க சார். அவங்களுக்குப் புள்ளியியல் ஒண்ணும் தெரியாதுங்க."

"இது ரெண்டாவது எச்சரிக்கை. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க. மூடிட்டு, ஆறு மாசம் கழிச்சு எழுதலாம்."

"ஐயோ, வேணாங்க!" அவள் பதறினாள். "உடம்பு நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. இன்னிக்கு விட்டா இனிமே எனக்கு உட்காரவே நேரம் கிடைக்காது சார்."

"அப்ப டென்ஷன் ஆகாதீங்க. மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலையில இருந்து அதைத்தாங்க பண்ணிட்டிருக்கேன்."

அவனால் மற்ற மாணவர்களைப் பார்க்கவே முடியவில்லை. கண் அவள் முகத்திலேயே கிடந்தது. அவள் வேகமாக விடைகளைக் குறிப்பதும், நிறுத்துவதும், மேஜையைப் பிடிப்பதும், மறுபடி குறிப்பதுமாக இருந்தாள். நிச்சயம் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது. ஆனால் என்னவென்றுதான் பிடிபடவில்லை.

பன்னிரண்டு மணி அடிக்கும் நேரத்தில் அவள் கேமராவை விட்டு விலகினாள். திரையில் வெறும் சுவர்தான் தெரிந்தது.

"கவிநிலா! சீட்டுக்கு வாங்க!"

அவன் கை, பூட்டும் பொத்தான்மேல் போய் நின்றது. அமுக்கினால் அவளுக்கு ஆறு மாதம் போய்விடும். அமுக்காவிட்டால் தனக்கு வேலை போய்விடலாம்.

முகம் மறுபடி தெரிந்தது. கண்கள் கலங்கியிருந்தன.

"சார், இன்னும் நாலே கேள்வி. பூட்டிடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

அந்தக் குரலில் எதையோ கேட்டு, அவன் கையை எடுத்துவிட்டான். "சீக்கிரம் முடிங்க. மூணாவது எச்சரிக்கையை நான் எழுதல."

நான்கு கேள்விகள். ஒவ்வொன்றும் அவனுக்கு ஒரு யுகமாகக் கழிந்தது. கடைசியில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று திரையில் வந்தபோது அவனுக்கும் சட்டை நனைந்திருந்தது.

"ரொம்ப நன்றிங்க சார்" என்றாள். கேமராவை நிறுத்த மறந்துவிட்டு, இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி மெல்ல எழுந்தாள்.

பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தார். "போதும்டி உன் பரீட்சை! பனிக்குடம் உடைஞ்சு எவ்ளோ நேரமாச்சு? நட, டாக்டரம்மா பிரசவ ரூமுல கத்திட்டிருக்காங்க!"